குற்றம் உறுதியான பின் தண்டனையின் அளவை யார் முடிவு செய்கிறார்கள்?

கேள்வி: மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்றதாகக் கடற்படை அதிகாரி நானாவதி மீது நடந்த வழக்கில், ஜூரிகள் (பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட நடுவர்கள்) எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் குற்றமற்றவர் என்று கூறியும், அதை ஏற்காத பம்பாய் உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று முடிவு செய்து ஆயுள் தண்டனை விதித்தது. அப்படியானால், தண்டனையைத் தீர்மானிப்பதில் ஜூரிகளுக்குப் பங்கே இல்லையா? இன்று ஒரே நீதிபதி எதை வைத்து முடிவெடுக்கிறார்?

முதல் பதில்: ஜூரிகள் குற்றவாளியா இல்லையா என்பதை மட்டுமே கூறினார்கள், தண்டனை நீதிபதியின் பொறுப்பாகவே இருந்தது. ஜூரிக்கு இடமளிக்காத 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 235(2) பிரிவின் மூலம், தண்டனை விதிக்கும் முன் குற்றவாளியின் தரப்பைத் தனியே கேட்க வேண்டும் என்று புதிதாக விதித்தது. இந்தப் பாதுகாப்பு மிக முக்கியமானது என்று கருதுகிறேன்.

இரண்டாம் பதில்: நண்பர் சொல்வது சரி; ஆனால் நடைமுறை வருத்தமளிக்கிறது. தீர்ப்பு வாசித்த அன்றே கூண்டில் நிற்பவரிடம் கருத்துக் கேட்கப்படுவதும், "வயதான தாய் இருக்கிறார், குழந்தைகள் சிறியவர்கள்" என்ற அவருடைய பதில் இரண்டு வரிகளில் பதிவாவதும் உண்டு. மரண தண்டனை அரிதினும் அரிதான வழக்குகளுக்கு மட்டுமே என்று பச்சன் சிங் வழக்கில் 1980-இல் வரையறுத்த உச்ச நீதிமன்றம், 2022-இல் மனோஜ் வழக்கில், குற்றவாளியின் குடும்பப் பின்னணி, மனநலம், சிறை நடத்தை ஆகியவை பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்றது.

மூன்றாம் பதில்: அமெரிக்காவிலும் பெரும்பாலான மாநிலங்களில் நீதிபதியே தண்டனை விதிக்கிறார். ஆயினும், ஒருவரை மரண தண்டனைக்கு உரியவராக்கும், குற்றத்தின் கடுமையைக் கூட்டும் சூழ்நிலைகளை ஜூரிகளே கண்டறிய வேண்டும் என்று 2002-இல் ரிங் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.