நெகட்டிவ் கேரியர்: கண்ணாடி வைத்ததா, வைக்காததா?

நண்பர்களே, ஒரு யோசனை வேண்டும். வீட்டு இருட்டறையில் 6×6 செ.மீ. ஃபிலிம் நெகட்டிவ்களைப் பெரிதாக்கி அச்சிடுகிறேன். இருப்பது கண்ணாடியில்லாத கேரியர் (பெரிதாக்கும் கருவியில் நெகட்டிவைப் பிடித்து நிறுத்தும் சட்டம்). எக்ஸ்போஷர் (தாளில் ஒளி விழும் நேரம்) நடுவிலேயே விளக்குச் சூட்டில் நெகட்டிவ் வளைந்துவிடுகிறது. அச்சில் பாட்டியின் இமைமுடி கூர்மையாக விழுகிறது, ஓரத்துத் திண்ணைத் தூண் மங்கிப்போகிறது. லென்ஸ் துளையை எஃப் 11 வரை சுருக்கியும் முழுசாகச் சரியாகவில்லை.

கண்ணாடி கேரியரில் ஃபிலிம் தட்டையாக நிற்கும், சரி. ஆனால் தூசி உட்கார இன்னும் நான்கு பரப்பு! (இப்போதே ஊதி ஊதி வாய் வலிக்கிறது.) ஃபிலிமின் வழவழப்பான முதுகு கண்ணாடியில் ஒட்டினால் நியூட்டன் வளையங்கள் (அச்சில் விழும் வளைய வளையமான கோடுகள்) வேறு.

மேலே மட்டும் ஆன்டி-நியூட்டன் கண்ணாடி (அந்த வளையங்கள் விழாதபடி லேசாகச் சொரசொரப்பாக்கியது), கீழே வெறும் சட்டம் என்று வைத்தால் போதுமா? அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் சொல்லுங்களேன். 35 மி.மீ.க்குப் பழைய கேரியரே ஓடட்டும்.