தேங்காய் எண்ணெய் தடவினால் பலகை நாறுமா?

பால்மரத்தான் (சுங்கை சிப்புட்):
ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் உபதேசம் செய்திருக்கிறார். காய்கறி நறுக்கும் மரப் பலகைக்குத் தேங்காய் எண்ணெய் தடவக்கூடாதாம், சிக்கு வாடை வருமாம், மினரல் ஆயில் வாங்க வேண்டுமாம். தோட்டத்து லயத்து வீடுகளில் யார் மினரல் ஆயில் வாங்கினார்கள்? தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு. லேசில் கெடாது. சூரியகாந்தி எண்ணெய் தடவிப் பாருங்கள், அதுதான் நாறும்.

செம்பனைக்காரி:
அந்த 'ஒருவர்' நான்தான் அண்ணே. நேராகவே கேட்டிருக்கலாம். லேசில் கெடாது என்றால் கெடவே கெடாதா? ஈரம் சேர்ந்தால் தேங்காய் எண்ணெயும் சிக்கு வாடை அடிக்கும். நம் ஊரில் ஈரத்துக்கா பஞ்சம்? மினரல் ஆயில் கெடாது. உணவுக்கு உகந்தது என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்கினால் போதும்.

பால்மரத்தான்:
பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததைச் சாப்பாட்டுப் பலகையில் பூசச் சொல்கிறார். பிரமாதம். தலையில் தடவுகிறோமே, அது கெட்டா போகிறது?

செம்பனைக்காரி:
நாங்கள் தலை குளிப்பது உண்டு அண்ணே. உங்கள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாது.

பாசார்மாலாம் தம்பி:
எந்தத் தேங்காய் எண்ணெய் என்று முதலில் சொல்லுங்களேன். செக்கில் ஆட்டியதா, சுத்திகரித்ததா? இரண்டும் ஒன்றில்லையே.

பால்மரத்தான்:
தம்பி, தேங்காய் எண்ணெய் என்றால் தேங்காய் எண்ணெய்தான். நடுவில் வராதே.

புளியங்கட்டை (ஈப்போ):
எண்ணெய் கிடக்கட்டும், பலகையைக் கழுவத் தெரியுமா உங்களுக்கு? சிங்கில் ஊறப்போட்டுவிட்டு, வெடித்துவிட்டது என்று அப்புறம் புலம்புவது. சோப்பு போட்டு இரண்டு பக்கமும் தேய்த்து, உடனே துடைத்து, காற்றுப்பட நிமிர்த்தி வைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நனைந்தால் வளையும். கொளுத்தும் வெயிலில் போட்டால் பிளக்கும். பெலாச்சான் (இறால் விழுது) வாடைக்கு உப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்த்தால் போதும். கோழிக்குத் தனிப் பலகை. நான் இறைச்சிக் கடையில் புளியமரக் கட்டையோடு வளர்ந்தவன், எனக்குத் தெரியும்.

பால்மரத்தான்:
நல்லது. ஆனால் தேங்காய் எண்ணெய் கெடாது. என்னுடையது பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரம். 25, 30 வருஷம் பால் வெட்டிய பிறகு சாய்க்கிற மரம். பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் ஏறும் என்பதால்தான் அறுத்தவுடன் மருந்து ஏற்றிக் காயவைக்கிறார்கள். 1877-இல் கன்று நட்ட கோலகங்சார் எங்கள் பக்கத்து ஊர். பால்மரத்தைப் பற்றி ஈப்போக்காரர் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

புளியங்கட்டை (ஈப்போ):
கன்று முதலில் வந்து இறங்கியது சிங்கப்பூரில். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் பால்மரத்தைப் பற்றிப் பேசவே இல்லையே?

பாசார்மாலாம் தம்பி:
பேசாமல் பிளாஸ்டிக் பலகை வாங்கிவிடலாம். எண்ணெயும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

செம்பனைக்காரி:
அது வேறயா? 1990-களில் அமெரிக்காவில் டீன் கிளிவர் என்ற ஆய்வாளர் சோதித்திருக்கிறார். கத்திக் கீறல் விழுந்த பிளாஸ்டிக்கைக் கையால் கழுவிச் சுத்தம் செய்வது கடினம். மரத்தில் கிருமி உள்ளே இறங்கும், ஆனால் பெருகாமல் மெல்லச் செத்துவிடும்.

பால்மரத்தான்:
அந்த ஆய்வில் தேங்காய் எண்ணெய் கெடும் என்று எழுதியிருக்கிறதா?

செம்பனைக்காரி:
அது எண்ணெயைப் பற்றிய ஆய்வே இல்லை.

பால்மரத்தான்:
ஆக, எழுதவில்லை. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

செம்பனைக்காரி:
உங்களோடு பேசுகிற நேரத்தில் பத்துப் பலகை தேய்த்திருப்பேன்.

பால்மரத்தான்:
தேய்ப்பீர்கள், தேய்ப்பீர்கள். தைப்பூசத்து அன்னதானப் பந்தலில் ஈரப் பலகைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிவிட்டுப் போனது யார் என்று ஊருக்கே தெரியும்.

செம்பனைக்காரி:
அடுக்கியது உங்கள் மச்சான். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

பாசார்மாலாம் தம்பி:
செக்கு எண்ணெயா, சுத்திகரித்ததா? இன்னும் யாரும் சொல்லவில்லை.

பால்மரத்தான்:
மச்சானை இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் கெடாது.