முதல் மனநோய்த் தாக்குதலுக்குப் பின்: தம்பியின் வருங்காலத்தை இப்போதே கணிக்க முடியுமா?

கேள்வி

என் தம்பிக்கு வயது 21. நான் அவனுக்கு மூத்தவள். சென்ற ஆண்டு, தன்னை யாரோ கண்காணிப்பதாகவும் இருவர் தன்னைப் பற்றிக் காதருகே பேசிக்கொள்வதாகவும் சொல்லத் தொடங்கினான். தேர்வுப் பயம் என்று நினைத்து எட்டு மாதங்களைக் கழித்துவிட்டோம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் குரல்கள் நின்றன. ஆனால் ஓயாமல் பேசியவன் இப்போது கேட்டதற்கு மட்டுமே பதில் சொல்கிறான், கல்லூரிக்குத் திரும்பும் பேச்சையே எடுப்பதில்லை. பத்தாண்டுகள் கழித்து எப்படி இருப்பான் என்பதை இந்தத் தொடக்க மாதங்களைக் கொண்டு சொல்ல முடியுமா? தாமதித்து அவன் வாழ்வை நாங்களே கெடுத்துவிட்டோமா?

மறுமொழி 1 (மனநலத் துறையில் பணிபுரிபவர்)

சகோதரி, சிகிச்சையின்றிக் கழிந்த காலம் முக்கியம்தான். நார்வேயின் ரோகலாந்து வட்டாரத்தில் 1997 முதல் செய்தித்தாள், வானொலி, பள்ளிகள் வழியாக அறிகுறிகளை மக்களுக்கு எடுத்துச்சொன்னதால், அந்தக் காலம் இடைநிலையாக (அதாவது பாதிப்பேருக்கு அதற்கு உட்பட்டு) 5 வாரங்களாகக் குறைந்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத ஒப்பீட்டுப் பகுதிகளில் 16 வாரங்கள். பத்தாண்டு கழித்து முன்னவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினரும் பின்னவர்களில் 15 விழுக்காட்டினரும் மீண்டிருந்தனர். விரைந்து வந்தும் மீளாதவர்கள் உண்டு, தாமதித்தும் மீண்டவர்கள் உண்டு என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. மேலும், நோய் மெல்ல மெல்லத் தலைகாட்டும்போதுதான் வீட்டாருக்கு அது பிடிபடுவதில்லை. அந்த மெதுவான தொடக்கமே விளைவைப் பாதிக்கும் என்பதால் பழி முழுவதையும் உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மருந்துக்குக் குரல்கள் விரைவில் கட்டுப்பட்டது நல்ல அறிகுறி. என்னைக் கவலைகொள்ளச் செய்வது பேச்சும் நாட்டமும் குறைந்திருப்பதுதான், ஏனெனில் படிப்பு, வேலை, நட்பு ஆகியவற்றில் ஒருவர் பின்னாளில் எப்படி இருப்பார் என்பதைக் குரல்களைவிட இவையே கூடுதலாக முன்னுணர்த்துகின்றன. ஆயினும் மனச்சோர்வும், மருந்தால் வரும் மந்தமும் உடல் விறைப்பும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். அவற்றைச் சரிசெய்ய வழியுண்டு. நோய்க்கு முன் பள்ளியிலும் நண்பர்களிடமும் அவன் எப்படிப் பழகினான், கஞ்சாப் பழக்கம் உண்டா என்பவற்றையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மறுமொழி 2

என் அண்ணன் நலமாகிவிட்டார் என்று ஓராண்டில் நாங்களே மாத்திரையை நிறுத்தினோம். ஐந்தே மாதங்களில் நோய் திரும்பியது, வேலையும் போயிற்று. நியூயார்க்கில் முதல் தாக்குதலிலிருந்து தேறிய 104 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1999 இல் வெளிவந்தது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் ஆபத்து ஏறத்தாழ ஐந்து மடங்காக இருந்தது. ஆனால், மருந்தைக் குறைத்தோ நிறுத்தியோ பார்த்த குழுவில் ஏழாண்டு முடிவில் கூடுதலானோர் மீண்டதாக 2013 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு கூறுகிறது. 2018 இல் வெளியான ஹாங்காங் ஆய்விலோ, முன்கூட்டியே நிறுத்திய குழுவில் 39 விழுக்காட்டினரும் தொடர்ந்த குழுவில் 21 விழுக்காட்டினரும் பத்தாண்டு முடிவில் மோசமான நிலையில் இருந்தார்கள். வல்லுநர்களே இன்னும் விவாதிக்கும் இந்த முடிவை எங்களைப் போல வீட்டிலிருந்தே எடுத்துவிடாதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன்.

மறுமொழி 3

டாக்டர் சாரதா மேனன் 1984 இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி நிறுவனமும் கனடாவின் மாண்ட்ரியல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தினரும் இரு நகரங்களிலும் முதல் தாக்குதலுக்கு ஆளானவர்களை ஈராண்டு தொடர்ந்து ஒப்பிட்டனர். குரல்களும் சந்தேகமும் இரண்டிடத்திலும் நன்கு தணிந்தன. உங்கள் தம்பியிடம் இப்போது தெரியும் பேச்சுக் குறைவும் நாட்டமின்மையும் சென்னையில்தான் கூடுதலாகச் சீரடைந்தன, அங்கே குடும்பத்தார் சிகிச்சையில் நெருங்கிப் பங்கெடுத்தனர். குறைகூறும் பேச்சு மிகுந்த வீடுகளில் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுவதும் பல ஆய்வுகளில் தெரிந்த ஒன்று. எனவே கல்லூரியைப் பற்றி நச்சரிக்காமல், நாள்தோறும் சிறிது நேரம் அவனுடன் நடந்து வாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. குரல் கேட்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே இதுவரை மருத்துவரிடம் பதில் சொல்லிவந்தோம். அடுத்த வாரம் அவன் பேச்சு குறைந்ததைப் பற்றியும், அது மருந்தால்தானா என்பதைப் பற்றியும் தனியாகக் கேட்கப்போகிறேன்.