ஜீரோ அவர் கேம் திறந்ததும் மூடிக்கொள்கிறது, சனிக்கிழமைக்குள் ஓட வேண்டும்

வைகைக்கரை | வியாழன், இரவு 9.12

வணக்கம். ஜெனரல்ஸ் ஜீரோ அவர் என்ற பழைய கம்ப்யூட்டர் போர் கேமை லேப்டாப்பில் போட்டிருக்கிறேன். ஐகானை அழுத்தினால் முதல் படம் வருகிறது, அப்புறம் ஒரு பெட்டி வந்து மூடிக்கொள்கிறது. ரீஸ்டார்ட் பண்ணியும் பார்த்தாச்சு. சனிக்கிழமை தம்பி துபாயிலிருந்து வருகிறான், பத்து நாள்தான் லீவு. ரெண்டு லேப்டாப்பிலும் ஓட வேண்டும். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

கோவைக்காரி | வியாழன், இரவு 9.20

விண்டோஸ் 10ஆ, 11ஆ? பழைய சிடியா, ஸ்டீம் என்ற ஆன்லைன் கடையில் வாங்கியதா? அந்தப் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது? இந்த மூன்றும் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

ஸ்கட்பிரியன் | வியாழன், இரவு 9.24

வலது கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க ப்ரோ. காம்பாட்டிபிலிட்டியில் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 3, கீழே ரன் ஆஸ் அட்மின். எனக்கு அதிலேயே ஓடிவிட்டது. வெஸ்ட்வுட் கம்பெனி காலத்து கேம் எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான்.

வைகைக்கரை | வியாழன், இரவு 9.31

அதைப் போட்டுப் பார்த்தேன், மாற்றமில்லை. பெட்டியில் சீரியஸ் எரர் என்று வருகிறது.

பழையபெட்டி | வியாழன், இரவு 9.43

உடம்புக்கு என்ன என்று சொல்லாமல் மருந்து மட்டும் கேட்டால் எந்த வைத்தியரும் கையைத்தான் விரிப்பார். கோவைக்காரி கேட்ட மூன்று கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில் வந்திருக்கிறது, அதுவும் அரைகுறை. இந்த விஷயம் இங்கே பல முறை பேசி முடிந்தது. தேடிப் பார்க்கும் பொறுமை இருந்தால் இழையே தேவைப்பட்டிருக்காது.

சரி, சிடி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். 2003இல் வந்த அந்த சிடியில் சேஃப்டிஸ்க் என்ற காப்புப் பூட்டு இருக்கிறது. அது வேலை செய்ய எஸ்இசிடிஆர்வி என்ற டிரைவர் விண்டோஸுக்குள் இருந்தாக வேண்டும். அந்த டிரைவர் வழியாகக் கணினிக்குள் நுழைய ஓட்டை இருப்பது தெரிந்து, 2015 செப்டம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட்டில் விஸ்டா, 7, 8 மூன்றிலும் அதை நிறுத்தினார்கள். விண்டோஸ் 10இல் அது அடியோடு கிடையாது. ஆக உங்கள் சிடி நன்றாகவே இருந்தாலும் பூட்டைத் திறக்க ஆள் இல்லை. எக்ஸ்பி மோட் போடுவதால் இல்லாத டிரைவர் வந்துவிடாது, ஸ்கட்பிரியன்.

ரெண்டாம்ஷிஃப்ட் | வியாழன், இரவு 9.58

நான் பன்னிரண்டு வருஷமாக லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். அந்தப் பெட்டியில் உள்ளதை யாரும் முழுசாகப் படிப்பதில்லை. வைரஸ், அதிகச் சூடேறிய ஹார்டுவேர், குறைந்தபட்சத் தேவைக்கும் கீழான ஹார்டுவேர், இப்படிப் பல காரணம் இருக்கலாம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. கேம் எழுதினவனே சொல்லும்போது நாம் ஏன் வேறெங்கோ தேட வேண்டும்? விசிறி ஓட்டையில் கையை வைத்துப் பாருங்கள் சார். அனல் அடித்தால் அடியைக் கழற்றித் தூசியைத் தட்டி, தெர்மல் பேஸ்ட் புதுசாக வைக்கணும். என் மேஜைக்கு வரும் பத்தில் ஆறு லேப்டாப் இந்தக் கேஸ்தான். பஞ்சு மெத்தை மாதிரி தூசி படிந்திருக்கும்.

கோவைக்காரி | வியாழன், இரவு 10.07

அண்ணா, இந்த கேமுக்குக் கேட்டது 800 மெகாஹெர்ட்ஸ் ப்ராசஸர், 128 எம்பி ராம், 32 எம்பி கார்டு. வழக்கமான ஓட்டமே நொடிக்கு 30 ஃப்ரேம்தான். திறந்த மூன்று விநாடியில் எந்த லேப்டாப்பும் அதனால் கொதிக்காது. அந்த வாசகம் எந்தக் கோளாறு வந்தாலும் வரும் பொதுவான வாசகம்.

ரெண்டாம்ஷிஃப்ட் | வியாழன், இரவு 10.15

கேம் லேசானதுதான், ஒத்துக்கொள்கிறேன். லேப்டாப் ஏற்கெனவே சூடாக இருந்தால்? மெத்தை மேல் வைத்து ஓட்டினால்? பார்க்காமல் ஒதுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறேன் தங்கச்சி.

வைகைக்கரை | வெள்ளி, காலை 6.50

விண்டோஸ் 11. சிடி இல்லை, ஸ்டீமில் வாங்கினேன். லேப்டாப் ஜில்லென்றுதான் இருக்கிறது, புதுசு. ஆபீஸ் கிளம்புகிறேன், இரவு பார்க்கிறேன்.

பழையபெட்டி | வெள்ளி, காலை 8.15

இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் சேஃப்டிஸ்க் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்க மாட்டேன். ஸ்டீமுக்கு இந்த கேம் 2024 மார்ச்சில் வந்தது. அதற்கு சிடியே வேண்டாம், பூட்டுப் பிரச்சினையும் இல்லை. ஆக என் பதில் உங்களுக்குப் பொருந்தாது. பழைய சிடியை எடுத்துவைத்துக்கொண்டு இங்கே வருகிறவர்களுக்காக அப்படியே விட்டுவைக்கிறேன்.

யாழ்முற்றம் | வெள்ளி, காலை 9.02

கேம் கிடக்கும் ஃபோல்டருக்குள் டிபிஜிஹெல்ப்.டிஎல்எல் என்று ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கோ அண்ணை. இருந்தால் அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றிவிடுங்கோ. கேமோடு வந்த பழைய பிரதியும் இப்போதைய விண்டோஸும் ஒத்துவராமல் திறந்தவுடனே விழுவது உண்டு. என்னுடைய சிடிப் பிரதியில் அப்படித்தான் நடந்தது. ஸ்டீம் பிரதியை நான் தொட்டுப் பார்த்ததில்லை.

நள்ளிரவுத்தேநீர் | வெள்ளி, பகல் 1.30

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். இது அநேகமாக ஆப்ஷன்ஸ்.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பின் விவகாரம்.

முதல் முறை திறக்கும்போது இந்த கேம் உங்கள் ப்ராசஸர், கார்டு எல்லாவற்றையும் அளந்து, எந்தத் தரத்தில் படம் காட்டலாம் என்று முடிவு பண்ணப் பார்க்கும். அது தெரிந்து வைத்திருக்கும் கார்டெல்லாம் 2003 வரைக்கும் உள்ளவை. இன்றைய கார்டை அளக்கப் போய் அங்கேயே விழுந்துவிடுகிறது. அமைப்புக் கோப்பை நாமே எழுதி வைத்துவிட்டால் அளக்கப் போகாது.

டாக்குமென்ட்ஸுக்குள் போங்கள். கமாண்ட் அண்ட் காங்கர் ஜெனரல்ஸ் ஜீரோ அவர் டேட்டா என்று ஒரு ஃபோல்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதே பெயரில் உருவாக்குங்கள். 'அண்ட்' என்பதை முழுச் சொல்லாக எழுத வேண்டும், குறியாகப் போடக் கூடாது. பக்கத்திலேயே ஜெனரல்ஸ் டேட்டா என்று இன்னொன்று இருந்தால் அது முதல் பாகத்துடையது. அதில் வைத்தால் ஜீரோ அவர் திரும்பியும் பார்க்காது. உள்ளே நோட்பேடில் ஒரு கோப்பு திறந்து இந்த வரிகளை எழுதி, ஆப்ஷன்ஸ்.ஐஎன்ஐ என்று சேவ் பண்ணுங்கள்:

ரெசொல்யூஷன் = 1024 768
ஐடியல்ஸ்டாட்டிக்கேம்எல்ஓடி = லோ
ஸ்டாட்டிக்கேம்எல்ஓடி = லோ
காமா = 50
மியூசிக்வால்யூம் = 50

நான் தமிழில் எழுதிவிட்டேன். கோப்பில் எல்லாமே ஆங்கில எழுத்தில் இருக்க வேண்டும், இடதுபக்கச் சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடாது. லோ என்று போட்டதால் கவலை வேண்டாம், திறந்த பிறகு உள்ளே போய் உயர்த்திக்கொள்ளலாம்.

ஸ்கட்பிரியன் | வெள்ளி, மாலை 5.10

பாருங்க, வெஸ்ட்வுட் கேம் என்றாலே இப்படி ஒரு சூட்சுமம் இருக்கும்.

பழையபெட்டி | வெள்ளி, மாலை 5.26

இரண்டாவது முறையாகச் சொல்கிறீர்கள், அதனால் திருத்துகிறேன். ஜெனரல்ஸ் வெஸ்ட்வுட் கேம் இல்லை. லாஸ் வேகஸில் இருந்த வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் இதைச் செய்யவில்லை. 2003 பிப்ரவரியில் வந்த ஜெனரல்ஸைச் செய்தது ஈஏ கம்பெனியின் ஈஏ பசிபிக் ஸ்டூடியோ. அதே வருஷம் செப்டம்பரில் வந்த ஜீரோ அவரைச் செய்தது ஈஏ லாஸ் ஏஞ்சலஸ். அதற்குள் வெஸ்ட்வுட்டையே மூடிவிட்டார்கள்.

ஸ்கட்பிரியன் | வெள்ளி, மாலை 5.41

ஈஏ பசிபிக்கின் பழைய பெயரே வெஸ்ட்வுட் பசிபிக்தானே சார். ரெட் அலர்ட் 2 கேமைச் செய்த கையே இதையும் செய்தது. என்ஜினும் வெஸ்ட்வுட் ரெனகேடு என்ற கேமுக்கு எழுதியதிலிருந்து வளர்ந்ததுதான். வீட்டுப் பெயர்ப்பலகையை மாற்றினால் குடியிருப்பவர்கள் மாறிவிடுவார்களா?

பழையபெட்டி | வெள்ளி, மாலை 5.55

என்ஜினின் வேர் அங்கே இருக்கிறது என்பது சரி. பெட்டியில் யார் பெயர் இருந்தது என்பதும் சரித்திரம்தான். அதோடு கேமின் குணமே வேறு. பழைய கேம்களில் வரும் டைபீரியம் என்ற தாது இல்லை, நாட் என்ற அணி இல்லை, ஓரத்தில் நிற்கும் கட்டடப் பட்டியல் கூடக் கிடையாது. புல்டோசர் போய்க் கட்ட வேண்டும்.

கோவைக்காரி | வெள்ளி, மாலை 6.08

கேமில் உள்ள ஜிஎல்ஏ அணிக்கு புல்டோசர் ஏது? வெறுங்காலில் நடக்கும் தொழிலாளிதான் கட்டுவார். அவர் வேகமாக நடக்கச் செருப்பு வாங்கித்தரும் அப்கிரேடு ஒன்று இருக்குமே, நான் முதலில் அதைத்தான் வாங்குவேன். காலேஜ் பக்கத்து பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து ஆடிய நாட்களில், அதற்குப் பணம் செலவழிப்பதற்காகப் பையன்கள் என்னைத் திட்டுவார்கள். வேகமாக நடக்கிற தொழிலாளி வேகமாகச் சரக்கும் கொண்டு வருவார் என்பது அவர்களுக்குப் புரியவே இல்லை.

யாழ்முற்றம் | வெள்ளி, மாலை 6.40

யார் செய்தது என்ற சண்டைக்கு இப்போது நேரடியாகவே விடை பார்க்கலாம். 2025 பிப்ரவரியில் ஜெனரல்ஸ், ஜீரோ அவர் இரண்டின் மூலநிரலையும் ஈஏ, யாரும் வாசித்து மாற்றக்கூடிய ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிட்டது. நான் கொஞ்சம் வாசித்துப் பார்த்தேன். நள்ளிரவுத்தேநீர் சொன்ன அந்த அளக்கும் வேலையும் அதில் இருக்கிறது. 'ஐடியல்' என்ற வரி கோப்பில் இல்லாவிட்டால்தான் கார்டைச் சோதிக்கப் போகும். ஆகவே ஐந்து வரியில் உயிர் அந்த இரண்டாவது வரியில்தான் கிடக்கிறது. இருபது வருஷமாகக் குருட்டுத்தனமாகச் செய்த வைத்தியத்துக்கு இப்போது காரணம் கண்ணால் தெரிகிறது, எனக்கு அது பெரிய சந்தோஷம்.

வைகைக்கரை | வெள்ளி, இரவு 10.48

தேநீர் அண்ணா சொன்னபடி எழுதி வைத்தேன். அதே பெட்டிதான் வருகிறது. தம்பி ஃப்ளைட் ஏறிவிட்டான்.

ரெண்டாம்ஷிஃப்ட் | வெள்ளி, இரவு 10.55

புது லேப்டாப் என்றாலும் பேஸ்ட் சரியாக வைக்காமல் வருவது உண்டு சார். நானே பார்த்திருக்கிறேன்.

நள்ளிரவுத்தேநீர் | வெள்ளி, இரவு 11.20

விட வேண்டாம். இரண்டு இடத்தில் கால் தடுக்கும், ரெண்டையும் பாருங்கள்.

ஒன்று, ஃபோல்டரைத் திறந்து மேலே வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் பண்ணுங்கள். விண்டோஸ் கோப்புப் பெயரின் வாலை மறைத்துத்தான் காட்டும். நோட்பேடில் சேவ் பண்ணும்போது கீழே ஆல் ஃபைல்ஸ் என்று மாற்றாவிட்டால் அது தன் பங்குக்கு ஒரு வாலை ஒட்டிவிடும். கண்ணுக்கு ஆப்ஷன்ஸ்.ஐஎன்ஐ என்று தெரிவது உண்மையில் ஆப்ஷன்ஸ்.ஐஎன்ஐ.டிஎக்ஸ்டி ஆக இருக்கும். அந்தப் பெயரில் இருந்தால் கேமுக்குத் தெரியாது.

இரண்டு, உங்கள் டாக்குமென்ட்ஸ் கிளவுட் பேக்கப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று முகவரிப் பட்டையில் பாருங்கள். அப்படியானால் டாக்குமென்ட்ஸ் என்ற பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்கும். இடதுபக்கப் பட்டியலில் உள்ள டாக்குமென்ட்ஸை அழுத்தினால் எங்கே போகிறதோ, அதுவே கேம் தேடுகிற இடம்.

வைகைக்கரை | சனி, காலை 5.35

டிஎக்ஸ்டி வால்தான். எடுத்ததும் திறந்துவிட்டது. அந்த மெனு இசை கேட்டு வீட்டில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ரொம்ப நன்றி அண்ணா. ஏர்போர்ட் கிளம்புகிறேன்.

கோவைக்காரி | சனி, காலை 8.10

அருமை! ஃபுல் எச்டி திரையில் ஆட வேண்டுமென்றால் ஜென்டூல் என்ற துணைக்கருவி போட்டுக்கொள்ளுங்கள். டி3டி8.டிஎல்எல் என்ற ஒரே கோப்பு, கேம் ஃபோல்டருக்குள் வைத்தால் போதும். கேமராவைக் கொஞ்சம் உயர்த்தியும் தரும். இல்லாவிட்டால் அகலத் திரையில் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, பக்கத்தில் போய் நின்று பார்க்கிற மாதிரி இருக்கும்.

வைகைக்கரை | சனி, இரவு 9.15

ரெண்டிலும் திறக்கிறது. லேனில், அதாவது வீட்டு நெட்வொர்க்கில், தம்பி போட்ட ரூம் என் பக்கம் தெரியவில்லை.

நள்ளிரவுத்தேநீர் | சனி, இரவு 9.22

ரெண்டும் ஒரே வைஃபையா? ரெண்டிலும் பதிப்பு 1.04 தானா? கேமுக்குள் ஆப்ஷன்ஸில் லேன் ஐபி என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் இரண்டு பேருக்கும் என்ன எண் நிற்கிறது? ஃபயர்வால் கேட்டபோது அனுமதி கொடுத்தீர்களா?

ஸ்கட்பிரியன் | சனி, இரவு 9.40

லேன் சரிவராவிட்டால் இணையம் வழியாகவும் ஆடலாம் ப்ரோ. பழைய கேம்ஸ்பை சர்வரை 2014இலேயே நிறுத்திவிட்டார்கள், ரசிகர்கள் நடத்தும் சி அண்ட் சி ஆன்லைன் இருக்கிறது. ஆனால் ஒரே ஹாலில் உட்கார்ந்துகொண்டு எதற்கு?

பழையபெட்டி | சனி, இரவு 9.58

அவர் இன்னும் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. சொல்லட்டும். தம்பி லேப்டாப் ஆபீஸ் கொடுத்ததாக இருந்தால் அதில் ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் ஓடும். கேம் வீட்டு வைஃபை எண்ணை விட்டுவிட்டு அந்த ஐபி எண்ணைப் பிடித்துக்கொள்ளும். என் மருமகன் வந்தபோது நான் ஒரு முழு மாலை இதில் இழந்திருக்கிறேன்.

வைகைக்கரை | ஞாயிறு, அதிகாலை 2.47

விபிஎன் ஐபிதான் சார். 192இல் தொடங்கும் எண்ணுக்கு மாற்றியதும் ரூம் தெரிந்துவிட்டது. டோர்னமென்ட் டெசர்ட் மேப்பில் நாலு ஆட்டம் முடிந்தது. ஐந்தாவது போய்க்கொண்டிருக்கிறது, அவன் அணுகுண்டுக் கிடங்கு கட்டுகிறான், போகிறேன்.