புதுப்பிப்பு: குளச்சல் பிபிசி மைக்ரோவுக்கு டிரைவ் கிடைத்துவிட்டது

குளச்சல் ஆக்கர் (பழைய சாமான்) கடையில் எடுத்த பிபிசி மைக்ரோ மாடல் பி என்ற 1980-களின் பிரிட்டிஷ் கணினியில் ஃபிளாப்பி டிரைவ் மாட்ட முடியுமா என்று போன தடவை கேட்டிருந்தேன். முடியும், மாட்டியாச்சு.

ஆனால் எல்லா மாடல் பி-யிலும் முடியும் என்று சொல்ல முடியாது. டிரைவை இயக்கும் டிஸ்க் கன்ட்ரோலர் சிப் (இன்டெல் 8271) அப்போது தனிக் காசு. மூடியைத் திறந்து பார்த்தால் என் போர்டில் அது இருந்தது. *HELP என்று தட்டியதும் திரையில் டிஎஃப்எஸ் (டிஸ்க்கைக் கையாளும் மென்பொருள்) பெயரும் வந்தது. 1984-ல் மத்திய அரசின் கிளாஸ் (பள்ளிக் கணினிக் கல்வி) திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்ததும் பிபிசி மைக்ரோதான். இதுவும் ஏதாவது பள்ளிக்கூடத்துச் சரக்கோ என்னவோ.

பழைய டிரைவ் தேடி அலையவில்லை. பென் டிரைவை ஃபிளாப்பி போலக் காட்டும் கோடெக் எமுலேட்டர் வாங்கி, அதில் ஃபிளாஷ்ஃபிளாப்பி என்ற மென்பொருள் போட்டு, முதல் டிரைவாகத் தெரிய ஜம்பரை (சின்ன இணைப்புத் துண்டு) எஸ்0-வில் வைத்தேன். கணினி அடிப்பக்கத்து 34 முனை சாக்கெட்டிலிருந்து நேரான ரிப்பன் கேபிள். பிசி கேபிளில் நடுவே முறுக்கு இருக்கும், அது வேண்டாம். கேபிள் தலைகீழாகப் போனால் டிரைவ் விளக்கு அணையவே அணையாது, அதுதான் அடையாளம்.

நேரம் தின்றது உப்புக்காற்று. சாக்கெட் முனையெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய டூத் பிரஷ், பொறுமை. இப்போது ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு பிரேக் தட்டினால் பென் டிரைவிலிருந்து டிஸ்க் ஓடுகிறது.

கேசட்டும் ஓட்டிப் பார்க்கணும். அதற்கான 7 முனை டின் கேபிள் மார்த்தாண்டம், நாகர்கோவில் பக்கம் யாரிடமாவது கிடந்தால் சொல்லுங்க மக்கா.