777 கொடுத்தால் என்ன ஆகிவிடும்?

வேலன்: "வேர்ட்பிரஸ் இணையதளத்தில் படம் ஏறவில்லையா? அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு 777 கொடுங்கள், வேலை முடிந்தது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 777 என்பது ஓனர், குழு, மற்றவர்கள் என்று மூன்று தரப்புக்கும் படிக்க, எழுத, இயக்க முழு உரிமை தரும் எண். ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் எத்தனையோ பேருடைய கணக்குகள் இருக்கும். அந்தக் கடைசி 7, ஊரார் எல்லோருக்கும் எழுதும் உரிமை. ஓனர் மட்டும் எழுத, ஃபோல்டருக்கு 755, ஃபைலுக்கு 644. அவ்வளவுதான்.

பாண்டி: எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். என் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் 777தான் வைத்திருக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 755 வைத்தால் படம் ஏறாது. படம் ஏறாத தளத்தை யாருக்குக் கொடுப்பது?

வேலன்: 755-இல் ஏறவில்லை என்றால் ஃபைலின் ஓனர் யார் என்று பாருங்கள். வேர்ட்பிரஸை இயக்கும் பிஎச்பி, அப்பாச்சி என்ற வெப் சர்வர் மென்பொருளுக்குள்ளேயே ஓடும் சர்வரில் அது 'நோபடி' மாதிரி ஒரு பொதுப் பயனராக ஓடும். நீங்கள் எஃப்டிபியில் (சர்வருக்கு ஃபைல் அனுப்பும் வழி) ஏற்றியது உங்கள் கணக்கின் பெயரில் இருக்கும். அதனால்தான் எழுத முடியவில்லை. பிஎச்பியைத் தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் இருந்தால் உங்கள் பெயரிலேயே ஓட வைக்கலாம், 777-க்கு அவசியமே வராது. பிஎச்பியை ஓனர் பெயரில் ஓட்டும் பழைய சூபிஎச்பி சர்வரில் 777 ஃபோல்டருக்குள் இருக்கும் பிஎச்பி ஃபைல் ஓடாது, சர்வர் கோளாறு என்னும் 500 எரர்தான் வரும்.

பாண்டி: என் சர்வரில் 500 வரவில்லையே. அப்போது 777 சரிதானே?

ரஹீம்: வேலன் சார், நீங்கள் சொல்லும் அந்த நோபடி சர்வரில் மாட்டிக்கொண்டவன் என்ன செய்வான்? தளம் உருவாக்கிய ஃபோல்டரை எஃப்டிபியில் அழிக்கக்கூட விடாது. ஓனரை மாற்ற சர்வரின் முழு அதிகாரமான ரூட் வேண்டும், ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட் போட்டுக் காத்திருக்க வேண்டும். அங்கே 777 இல்லாமல் என்ன வழி?

வேலன்: ஹோஸ்டிங்கை மாற்றுவதுதான் வழி. அந்த மாதிரி சர்வரில் பக்கத்துக் கணக்கின் பிஎச்பியும் அதே நோபடிதான். தடுப்பு எதுவும் போடாவிட்டால் உங்கள் 777 ஃபோல்டரில் அவன் எழுதுவான்.

ரஹீம்: மாற்றுங்கள் என்று சொல்வது சுலபம். பணம் கட்டுவது யார்?

மீனா: இடையில் ஒரு சந்தேகம். டிசைனருக்கு, ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலின் பாஸ்வேர்டைக் கொடுக்காமல் தனி எஃப்டிபி கணக்கு போட்டுக் கொடுத்தால் ஃபைல் யார் பெயரில் இருக்கும்?

பாண்டி: டிசைனர் பெயரில்தான். அதனால்தான் 777 வைக்கச் சொல்கிறேன்.

வேலன்: தப்பு. சிபேனலில் கூடுதல் எஃப்டிபி கணக்கு என்பது தனி லாகின் மட்டும்தான். ஃபைல் முதன்மைக் கணக்கின் பெயரிலேயே விழும். இதுகூடத் தெரியாமல் வாடிக்கையாளர்களுக்கு 777 வைத்துக் கொடுக்கிறீர்கள்.

பாண்டி: தெரியாதவன் என்று சொல்ல நீங்கள் யார்? போன மாதம் என் எச்டிஆக்சஸ் (சர்வர் அமைப்பு ஃபைல்) கேள்விக்கும் இப்படித்தான் கிண்டலடித்தீர்கள், கடைசிவரை பதில் வரவில்லை. அதை நான் மறக்கவில்லை.

வேலன்: அதற்குப் பதில் அதே இழையில் இருக்கிறது, படித்திருந்தால் தெரியும். பேச்சை மாற்றாதீர்கள். உங்கள் பிஎச்பி எந்தப் பயனராக ஓடுகிறது? வேர்ட்பிரஸின் மீடியா பகுதியில் ஒரு படம் ஏற்றி, அதன் ஓனரைப் பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கணக்கின் பெயர் வந்தால் 755 போதும்.

ரஹீம்: நோபடி என்று வந்தால்?

வேலன்: ஹோஸ்டிங்கை மாற்றச் சொன்னேன்.

பாண்டி: நான் எதையும் பார்க்கப் போவதில்லை. படம் ஏறுகிறது. 777தான் வைப்பேன்.

மீனா: அப்படியானால் நான் டிசைனரின் எஃப்டிபி கணக்கை நீக்கினாலும் அவர் ஏற்றிய ஃபைல் அப்படியே இருக்குமா?

வேலன்: பாண்டி, கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஓனர் யார்?