முள்ளுக் காய், உள்ளே சுளை இல்லை: இது என்ன மரம்?

எஸ்டேட் பையன்:
வணக்கம். மலக்கப்பாறையில் எங்கள் லைன் வீட்டுக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய மரம். பட்டை சாம்பல் வெள்ளை. அடியில் உடம்பெல்லாம் முள்ளாகக் காய்கள் வெடித்துக் கிடக்கின்றன. ஒன்றை மிதித்து, செருப்பைத் தாண்டிக் குத்தியது தனிக் கதை. மாமா துரியான் என்கிறார். ஆசையாகப் பிளந்தால் பழுப்புக் கொட்டைதான், சுளையே காணோம். அம்மா அயினி என்கிறார். யார் சொல்வது சரி?

சோலையார்க்காரன்:
அயினி என்றால் காம்பைக் கிள்ளியதும் பால் வடியும். கிள்ளிப் பார்த்தீர்களா? இலையின் அடிப்பக்கம் எப்படி?

எஸ்டேட் பையன்:
பால் இல்லை. மேலே கரும்பச்சை, அடியில் செம்புத்தூள் பூசியது மாதிரி மினுங்குகிறது.

பழைய வாட்சர்:
சரி தம்பி, அது வெடிப்பலா. மலையாளத்தில் வெடிப்லாவு. பெயரில்தான் பலா, பலாவும் அயினியும் ஆல், அத்தி வகையறா, இது இலவு, பருத்தி வகையறா. அந்தச் செம்பு மினுக்கம் இலையடியில் ஒட்டியிருக்கும் நுண்ணிய செதில்கள். தாவரவியல் பெயர் கல்லினியா எக்ஸாரில்லேட்டா. துரியானில் நாம் தின்பது கொட்டையைச் சுற்றிய சதை, அதற்கு ஆரில் என்று பெயர். அது இல்லாத மரம் என்பதுதான் எக்ஸாரில்லேட்டா. மாமாவும் முழுக்கத் தப்பில்லை, துரியான் இதற்கு நெருங்கிய சொந்தம்.

மாசி, பங்குனியில் அண்ணாந்து பாருங்கள். பூ கிளை நுனியில் இருக்காது. இலையில்லாத தடித்த கிளையில் மொட்டு மொட்டாகப் புடைத்திருக்குமே, அங்கேதான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழே கிடையாது, சதைப்பற்றான குழல்தான். காட்டில் பழம் குறைந்த நாளில் சோலைமந்திக்கு, அதாவது சிங்கவால் குரங்குக்கு, அதுதான் சாப்பாடு. காய்த்த பிறகு முள்தோலைக் கிழித்துக் கொட்டையைத் தின்னும். நான் ஒருநாள் மரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து உட்கார்ந்தேன், மேலிருந்து முள்தோலாக விழுந்தது. அன்று பட்டினி.

பக்கத்தில் நாங்கு, பாலி என்ற மரங்கள் நிற்கின்றனவா பாருங்கள். 700 முதல் 1400 மீட்டர் வரை மேற்குமலை மழைக்காட்டில் இந்த மூன்றும் கூடி நிற்கும். நாங்கின் கொழுந்து சிவப்பாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும்.

எஸ்டேட் பையன்:
நன்றி அண்ணே. மாமாவிடம் சொன்னேன், “அப்போ பங்காளிதானே” என்கிறார். அம்மா பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கு தேடப் போகிறேன். அட்டைக்கு உப்பு, காலுக்கு ஷூ.